ஜப்பானிய மொழிப் பாடநூல் யாருக்காக?
பல்கலைக்கழகப் பாடநூல் ஆக்கத்தில் பன்னாட்டுக் கூட்டு முயற்சி

தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்னும் பேச்சு நம் சங்க மேடைகளுக்குப் புதிதன்று. டோக்கியோவின் ககுஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008) தமிழகம் வந்து பேராசிரியர் பொற்கோவிடம் தமிழ் கற்றதும், இரு மொழிகளும் ஒரு மூலத்தைப் பகிர்ந்துகொள்கின்றன என்று பல நூல்கள் எழுதியதும், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த பேராசிரியர் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் தம்பதியர் அவருடன் இணைந்து ஆய்வு செய்ததும் வாசகர்கள் அறிந்தவையே. மொழியியல் அறிஞர்களில் பெரும்பாலோர் ஓனோவின் முடிவை ஏற்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒலி ஒப்புமைக்கு அவர் காட்டிய சான்றுகள் போதா என்பது அவர்கள் வாதம்.

இக்கட்டுரை அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இரு மொழிகளும் அக்கா தங்கையோ, அடுத்த வீட்டுக்காரரோ, வாக்கியம் கட்டும் முறையில் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருக்கின்றன. அந்த ஒப்புமை வகுப்பறையில் ஏன் பயன்படவில்லை என்பதே என் கேள்வி. தில்லியிலோ புனேயிலோ ஐதராபாத்திலோ ஜப்பானிய மொழி பயிலும் தமிழ் மாணவர், வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கும் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர். ஆனால் 'வினைச்சொல் கடைசியில் வரும், வியப்படையாதீர்கள்' என்று ஆங்கிலேயருக்கு எழுதிய விளக்கத்தைப் படித்துத்தான் அவர் ஜப்பானியத்துக்குள் நுழைகிறார். தன் வீட்டுப் பின்கட்டு வழியாகப் போகவேண்டியவரை ஊரைச் சுற்றிக்கொண்டு வரச் சொல்வது போன்றது இது.

இதற்குக் காரணம் ஆசிரியர்களின் குறை அன்று. பாடநூல் யாரால், யாருக்காக எழுதப்படுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதல் கூட்டு முயற்சிகள்

ஜப்பானிய மொழிக்கு அயலார் எழுதிய முதல் பெரிய இலக்கணத்துக்கும் தமிழுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இயேசு சபைப் பாதிரியார் என்ரிக்கே என்ரிக்கஸ் 1549 அளவில் தமிழுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். அவரே 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூலை அச்சிட்டவர். அதே சபையினர் 1590-இல் கோவா வழியாக ஜப்பானுக்கு ஓர் அச்சு இயந்திரத்தைக் கொண்டு சென்றனர். அங்கே நாகசாகியில் 1603-இல் 32,000-க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட ஜப்பானிய–போர்த்துக்கீசிய அகராதி வெளியாகத் தொடங்கியது. 1604 முதல் 1608 வரை ஜுவான் ரோட்ரிகஸ் என்பவரின் ஜப்பானிய இலக்கணம் அச்சாயிற்று. இருவருமே இலத்தீன் இலக்கணத்தின் அச்சில்தான் மொழியை வார்க்கத் தொடங்கினர். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை அது. இரண்டுக்கும் சரியாகப் பொருந்தவில்லை. எனினும் அந்த அகராதி இன்றும் மதிக்கப்படுகிறது. அக்காலப் பேச்சு எப்படி ஒலித்தது என்பதை ஜப்பானியரே அதைப் பார்த்துத்தான் அறிகின்றனர். ஜப்பானியர் பலர் உடனிருந்து உழைக்காமல் அத்தகைய நூல் உருவாகியிருக்க முடியாது.

அடுத்து 1867-இல் அமெரிக்க மருத்துவர் ஹெப்பர்ன் வெளியிட்ட ஜப்பானிய–ஆங்கில அகராதி. இதற்குப் பக்கபலமாக நின்றவர் கிஷிதா கின்கோ என்னும் ஜப்பானியர். அச்சிடும் வசதி உள்நாட்டில் இல்லாததால் இருவரும் ஷாங்காய் சென்று அச்சிட்டனர். பிறகு 1930-களில் நகனுமா நவோஎ எழுதிய பாட வரிசை. டோக்கியோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தில் மொழி கற்பித்த நகனுமாவுக்கு, ஜப்பானில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றி ஆய்ந்த ஹெரால்ட் பாமர் என்னும் ஆங்கிலேய அறிஞரின் முறை வழிகாட்டியது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படை தன் அதிகாரிகளுக்கு ஜப்பானியம் கற்பித்தது இந்த நூல்களைக் கொண்டுதான். எதிரியின் மொழியைக் கற்க எதிரி நாட்டார் எழுதிய நூல்! பாடநூலுக்குப் பகை தெரியாது போலும்.

இருவர் நடத்தும் வகுப்பு

பல்கலைக்கழக நிலையில் இத்துறையைச் செப்பனிட்டவர் என்று எலினார் ஜோர்டன் அம்மையாரைச் (1920–2009) சொல்லலாம். ஹமாகோ இதோ சாப்ளின் என்னும் ஜப்பானிய அம்மையாருடன் சேர்ந்து அவர் எழுதிய தொடக்க நூல் 1962, 1963-ஆம் ஆண்டுகளில் யேல் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. பின்னர் மாரி நோதாவுடன் இணைந்து 1987-இல் பேச்சு ஜப்பானியத்துக்கு மற்றொரு வரிசையைத் தொடங்கினார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய தீவிரப் பயிற்சி பல அறிஞர்களை உருவாக்கியது.

ஜோர்டனின் முறையில் என்னைக் கவர்ந்தது ஒன்று. அவர் வகுப்பை இரண்டாகப் பிரித்தார். ஒன்றில் மொழியைப் பயன்படுத்துவது மட்டுமே. ஜப்பானியர் நடத்துவார், ஜப்பானியம் தவிர வேறு பேச்சில்லை. மற்றொன்றில் மொழியைப் பற்றிப் பேசுவது. மாணவரின் தாய்மொழியில், அந்த மொழியை உள்ளிருந்து அறிந்தவர் நடத்துவார். 'இப்படித்தான் சொல்ல வேண்டும்' என்று சொல்ல ஜப்பானியரால் முடியும். 'நீ ஏன் இப்படித் தவறாகச் சொல்கிறாய்' என்று சொல்ல, அதே தவறுக்கு ஆளாகி மீண்டவரால்தான் முடியும். கூட்டு முயற்சியின் உயிர்நிலை இந்த வேலைப் பிரிவினையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. (ஜோர்டன் தம் நூல்களை ரோமன் எழுத்திலேயே அமைத்ததைப் பலர் குறை கூறினர். அந்தக் குறை நியாயமானதே என்று எனக்கும் தோன்றுகிறது.)

அமெரிக்காவில் பின்னர் வந்தவர்களும் இதே தடத்தில் நடந்தனர். செய்இச்சி மகினோ, மிச்சியோ சுட்சுய் இருவரும் அங்குள்ள பல்கலைக்கழகங்களில் கற்பித்துக்கொண்டே எழுதிய இலக்கண அகராதி 1986-இல் டோக்கியோவில் வெளியாயிற்று. மாணவர் எங்கே தடுக்கி விழுவார் என்பது தெரிந்து எழுதியதால், அது இன்றும் ஆசிரியர் மேசையை விட்டு அகலவில்லை.

தொழிற்பயிற்சிக்கு வந்த ஆசிய இளைஞர்களுக்காக 1959-இல் ஜப்பானில் ஒரு சங்கம் தோன்றியது. அதன் பாடநூல் வழியில் வந்ததே 1998-இல் வெளியான 'மின்னா நோ நிஹொங்கோ'. 'எல்லோருக்கும் ஜப்பானியம்' என்பது பொருள். இந்தியாவில் ஜப்பானியம் கற்றவருள் இந்த நூலைத் தொடாதவர் குறைவு. தில்லியில் அச்சான மலிவுப் பதிப்பும் கிடைக்கிறது. முதன்மை நூல் முழுதும் ஜப்பானியத்தில்; விளக்கமும் சொற்பொருளும் தனி நூலாகப் பல மொழிகளில். உரையாடல்களில் அமெரிக்கர் மில்லர், பிரேசில் நாட்டு சந்தோஸ் ஆகியோருடன் நம் நாட்டு குப்தா ஒருவரும் வேலை பார்க்கிறார். நல்ல நூல்தான். ஆனால் பல மொழிகளில் வரும் அந்த விளக்க நூல்கள் பெரும்பாலும் ஒரே விளக்கத்தின் மொழிபெயர்ப்புகள். பிரெஞ்சுக்காரருக்கும் கொரியருக்கும் ஒரே இடத்தில் ஒரே அளவு விளக்கம். கொரியருக்கு அதில் பாதி தேவையில்லை. நமக்கும் அப்படியே.

மொழிபெயர்ப்பு வேறு, கூட்டாக்கம் வேறு. எழுதி முடித்ததை இன்னொரு மொழியில் சொல்லித் தருவது முன்னது. எந்தப் பாடம் எங்கே வரவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும்போதே மாணவரின் மொழி அறிந்தவர் உடன் அமர்ந்திருப்பது பின்னது.

சீனா செய்தது

இதை அரசு அளவில் செய்துகாட்டியது சீனா. 1979 டிசம்பரில் ஜப்பானியப் பிரதமர் ஒஹிரா பெய்ஜிங் சென்றபோது ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 1980 முதல் 1985 வரை அங்கே ஓர் ஆசிரியர் பயிற்சி மையம் நடந்தது. 'ஒஹிரா பள்ளி' என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. கலாசாரப் புரட்சியால் சிதைந்து கிடந்த சீனப் பல்கலைக்கழகங்களிலிருந்து ஆண்டுக்கு 120 பேர் வீதம் ஐந்து ஆண்டுகளில் 600 ஜப்பானிய மொழி ஆசிரியர்கள் அங்கே பயின்றனர். ஜப்பானின் முன்னணி மொழியறிஞர்கள் வந்து கற்பித்தனர். பயின்றவர்களை ஒரு மாதம் ஜப்பானுக்கும் அழைத்துச் சென்றனர். அந்த மையமே 1985-இல் பெய்ஜிங் ஜப்பானியல் ஆய்வு மையமாக மலர்ந்தது.

1988-இல் பெய்ஜிங்கின் மக்கள் கல்விப் பதிப்பகமும், ஜப்பானியப் பள்ளிப் பாடநூல்களை வெளியிடும் மிட்சுமுரா தோஷோ நிறுவனமும் கூடி 'சீன–ஜப்பானியப் பரிமாற்றத் தர ஜப்பானியம்' என்னும் வரிசையை வெளியிட்டன. இரு நாட்டாரும் சேர்ந்து எழுதியது. சீன மாணவருக்குக் காஞ்சி எழுத்து புதிதல்ல; ஆனால் ஒரே எழுத்து இரு மொழிகளில் இரு பொருள் தரும்போது அவர் ஏமாறுவார். ஜப்பானியத்தில் 'கடிதம்' என்று பொருள்படும் எழுத்துச் சேர்க்கைக்குச் சீனத்தில் 'கழிவறைத் தாள்' என்று பொருள்! இதைச் சீன ஆசிரியர் சொல்லாமல் யார் சொல்வது?

நம் நிலை

நம் நாட்டில் சாந்திநிகேதனத்தில் 1905-இலேயே சானோ ஜின்னோசுகே என்னும் ஜப்பானியர் வந்து ஜூடோவும் மொழியும் கற்பித்தார். விசுவபாரதியில் 1954-இல் முறையான வகுப்பு தொடங்கிற்று. தில்லிப் பல்கலைக்கழகத்தில் 1969 முதல். பின்னர் ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகம், புனே, ஐதராபாத் என விரிந்தது. ஜப்பான் அறக்கட்டளை தில்லியில் 1994-இல் அலுவலகம் திறந்தது. 2017 செப்டம்பரில் இரு பிரதமர்களும் சந்தித்தபோது, ஐந்து ஆண்டுகளில் 100 மொழிப் பயிற்சி நிலையங்கள், 1,000 ஆசிரியர்கள் என்று இலக்கு வகுத்தனர். அதற்காக 2018-இல் தில்லியில் ஆசிரியர் பயிற்சி மையம் ஏற்பட்டது. ஒஹிரா பள்ளிக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து!

இப்போது இது இலக்கியப் பித்தர்களின் விவகாரம் மட்டுமல்ல. குறிப்பிட்ட திறன் பெற்ற தொழிலாளர்களை அனுப்புவதற்கான உடன்பாடு 2021 ஜனவரியில் கையெழுத்தாயிற்று. 2025 ஆகஸ்டில் அறிவித்த திட்டம், ஐந்து ஆண்டுகளில் இரு நாடுகளுக்கிடையே 5 லட்சம் பேர் சென்று வருவதையும், அவர்களுள் 50,000 இந்தியத் திறனாளர் ஜப்பான் செல்வதையும் குறிவைக்கிறது. முதியோர் இல்லத்தில் பணிபுரியப் போகும் பெண்ணும், தொழிற்சாலைக்குச் செல்லும் இளைஞரும் தொடக்க நிலைத் தேர்வு ஒன்றில் தேறினால்தான் விசா. இவர்களுக்குக் கற்பிப்பவர் பல்கலைக்கழகத்தில் பயின்று வந்தவர். அவர் தன் மாணவருக்கு எந்த வழியில் சொல்லித் தருவார்? தனக்கு எந்த நூல் சொல்லித் தந்ததோ அந்த வழியில்தான். பல்கலைக்கழகப் பாடநூல் கோணினால் கீழே உள்ளவை அனைத்தும் கோணும்.

பாட்டி சொன்ன இலக்கணம்

இனிச் சில பாடங்களைப் பார்ப்போம். கீழே ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். அவற்றில் க, த, ப வரும் இடங்களில், சொல்லின் நடுவிலும்கூட, 'கல், தலை, பல்' என்பவற்றில் உள்ளபடி வல்லொலியாகவே படிக்க வேண்டுகிறேன்.

'கீதெ மிரு' என்றால் 'கேட்டுப் பார்'. கீதெ–கேட்டு, மிரு–பார். சொல்லுக்குச் சொல். கண்ணால் பார்ப்பதைக் குறிக்கும் வினையே 'முயன்று பார்' என்னும் பொருளில் துணைவினையாகிறது, இரு மொழியிலும். 'கத்தெ ஒகு' என்றால் 'வாங்கி வை'. 'வஸுரெதெ ஷிமவ்' என்றால் 'மறந்துவிடு'. 'மொத்தெ குரு' – 'கொண்டு வா'. 'மொத்தெ இகு' – 'கொண்டு போ'. வீட்டை விட்டுக் கிளம்பும் ஜப்பானியர் 'இத்தெ கிமஸ்' என்பார். அது நம் 'போய் வருகிறேன்'. வீட்டிலிருப்பவர் தரும் விடையும் 'போய் வாருங்கள்' என்பதே. 'போகிறேன்' என்று மட்டும் சொன்னால் பாட்டி கடிந்துகொள்வாளே, அந்தப் பழக்கத்தை ஆங்கில நூலொன்று அரைப் பக்கத்தில் விளக்குகிறது. நம் குழந்தைக்கு அரை வரி போதும்.

இந்தத் துணைவினைகள் மின்னா நோ நிஹொங்கோவில் எங்கே வருகின்றன? 'விடு' 29-ஆம் பாடத்தில், 'வை' 30-இல், 'பார்' 40-இல். மொத்தம் 50 பாடங்கள். ஐரோப்பியருக்கு இவை கடினம்; ஆகவே தள்ளி வைத்ததில் நியாயமுண்டு. ஆனால் தமிழ் மாணவர் பாட்டி மடியில் கற்ற இலக்கணத்துக்காக 40-ஆம் பாடம் வரை காத்திருக்கிறார். அதற்குள் சிலர் வகுப்பை விட்டுவிடுகின்றனர்.

'நேற்று வாங்கிய புத்தகம்' என்பதில் பெயரெச்சம் பெயருக்கு முன் நிற்கிறது. ஜப்பானியத்திலும் அப்படியே: 'கினோ கத்த ஹொன்'. 'என்று சொன்னார்' என்பதில் 'என்று' செய்யும் வேலையை அங்கே 'தொ' என்னும் ஓரெழுத்துச் சொல் செய்கிறது. 'எனக்குத் தமிழ் புரியும்' என்கிறோம். தமிழ் இங்கே செயப்படுபொருளல்ல, எழுவாய். ஜப்பானியத்திலும் புரிவது, பிடிப்பது, வலிப்பது யாவும் இப்படித்தான். சுட்டு மூன்று: அருகில் ஒன்று, கேட்பவரிடம் ஒன்று, தொலைவில் ஒன்று. நமக்கும் இ, உ, அ என மூன்று இருந்தன. 'உது' யாழ்ப்பாணத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. நான்காவதாக வினாவும் அதே வரிசையில் சேர்ந்து நிற்பது இரு மொழிக்கும் பொது.

இவற்றுள் பல தமிழுக்கு மட்டும் உரியவை அல்ல. இந்தியிலும் வங்காளியிலும் வினையெச்சமும், 'எனக்குப் பிடிக்கும்' என்னும் அமைப்பும் உண்டு. எமனோ 1956-இல் இந்தியாவை ஒரே மொழிப் பரப்பு என்று காட்டியது இதைத்தான். காலின் மசிகா 1976-இல் இத்தகைய கூறுகளைத் தேசப்படத்தில் குறித்துப் பார்த்தபோது அவை நடு ஆசியா வழியாகக் கொரியா, ஜப்பான் வரை செல்வதைக் கண்டார். ஆகவே தில்லி வகுப்பில் தமிழரும் பீகாரியும் மணிப்பூரியும் ஒரே பெஞ்சில் இருந்தாலும், இந்திய மொழிகள் வழியாக விளக்கும் ஒரு பொது நூல் சாத்தியமே.

ஒப்புமையில் ஒளிந்த பள்ளங்கள்

ஒப்புமையை மட்டும் சொல்லி மகிழ்ந்தால் அது மேடைப் பேச்சாகிவிடும். பாடநூலுக்கு வேண்டியது ஒப்புமை முறியும் இடம்.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் ஒரு விதி உண்டு. தரும் சொல்லும் வரும் சொல்லும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை; செல்லும் சொல்லும் கொடுக்கும் சொல்லும் படர்க்கைக்கு உரியவை. 'எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான்.' இன்றைய தமிழில் இது மங்கிவிட்டது, மலையாளத்தில் வாழ்கிறது. ஜப்பானியத்திலும் கொடுப்பதற்கு இரண்டு வினைகள்: எனக்கோ என்னைச் சேர்ந்தவர்க்கோ வந்தால் 'குரெரு', பிறருக்குப் போனால் வேறு வினை. ஆங்கிலேயர் மாதக்கணக்கில் திணறும் இடம். தொல்காப்பியம் தெரிந்தவர் 'இது நம் விதியல்லவா' என்பார். ஆனால் கோடு வேறிடத்தில் விழுகிறது. 'நான் உனக்குத் தருகிறேன்' என்னும்போது தமிழ் கேட்பவரையும் தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறது. ஜப்பானியத்தில் நான் உனக்குக் கொடுப்பதும் 'பிறருக்குப் போவதே'.

'வா'வும் அப்படி. தொலைபேசியில் 'இதோ உங்கள் வீட்டுக்கு வருகிறேன்' என்கிறோம். ஜப்பானியர் 'இதோ போகிறேன்' என்பார். பேசுபவர் இருக்கும் இடத்தை நோக்கி வந்தால்தான் அங்கே 'வருதல்'. என் வகுப்புகளில் தமிழ் மாணவர் ஒருவர் விடாமல் இதில் சறுக்கினர். ஆங்கிலம் பேசுபவரும் இதே இடத்தில் சறுக்குவதால், ஆங்கில நூல்கள் இதைக் கொஞ்சம் தொட்டுச் செல்கின்றன என்பது நம் அதிர்ஷ்டம்.

மரியாதைச் சொல் இன்னொன்று. 'எங்கள் மேலாளர் வெளியே போயிருக்கிறார்' என்று வாடிக்கையாளரிடம் மரியாதைப் பன்மையில் சொல்வது நமக்கு இயல்பு. ஜப்பானிய அலுவலகத்தில் வெளியாரிடம் பேசும்போது தன் மேலாளரையும் தாழ்த்தியே சொல்ல வேண்டும். பெயருக்குப் பின் 'சான்' கூடாது. இதைத் தமிழர் கற்பது கடினம் அல்ல, மனம் ஒப்புவதுதான் கடினம். பெரியவரை 'அவன்' என்று சொல்வது போலக் கூசும். அந்தக் கூச்சத்தைப் பாடநூல் பெயர் சொல்லிப் பேச வேண்டும். டோக்கியோவில் இருந்து எழுதுபவருக்கு அப்படி ஒரு கூச்சம் இருப்பதே தெரியாது.

ஒலியில் வேடிக்கை அதிகம். 'கிதெ' என்றால் வந்து, 'கித்தெ' அஞ்சல் தலை, 'கீதெ' கேட்டு. படு, பட்டு, பாடு என்று வேறுபடுத்தும் நம் காதுக்கு இது விளையாட்டு. ஆங்கிலேயருக்கு வாரக்கணக்கில் பயிற்சி. ஜப்பானியரும் நம்மைப் போல மாத்திரை எண்ணுபவர்களே. ஆனால் நமக்கு ஒற்று அரை மாத்திரை. அவர்களுக்கு அதே ஒற்று ஒரு முழு மாத்திரை. நம் கணக்கில் 'கித்தெ' இரண்டரை. அவர்கள் கணக்கில் மூன்று. ஆகவே தமிழர் சொல்லும் 'கித்தெ' அவர்கள் காதில் சற்று அவசரமாகவே விழுகிறது. அதோடு, சொல் நடுவில் ஒற்றை வல்லினம் வந்தால் நாம் அதை மெலிதாக்கிவிடுகிறோம். 'ககி' என்னும் சொல்லில் இரண்டாம் எழுத்தை வல்லொலியாகச் சொன்னால் பெர்சிமன் பழம். 'தங்கம்' என்பதில் உள்ள ககரம் போலச் சொன்னால் சாவி. 'பழத்தைத் தொலைத்துவிட்டேன்' என்பதா, 'சாவியைத் தொலைத்துவிட்டேன்' என்பதா என்று விடுதிக் காப்பாளர் விழிப்பார். இந்திக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் குறில் நெடிலில் எகர ஒகரங்களுக்கு அவர் திணறுவார். 

காஞ்சி எழுத்து பற்றி ஒன்று மட்டும். 2010-இல் திருத்திய பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 எழுத்துகள். அவற்றுள் பலவற்றுக்குச் சீன வழி ஒலிப்பும் நாட்டு ஒலிப்பும் உண்டு. நீரைக் குறிக்கும் எழுத்து தனியே நின்றால் 'மிஸு'. கூட்டுச் சொல்லில் பெரும்பாலும் 'ஸுய்'. மேலை நாட்டவர் தலையில் கை வைத்துக்கொள்ளும் இதை நாம் தினமும் செய்கிறோம். 'தண்ணீர் கொடு' என்கிறோம், 'ஜலம்' என்றும் சொல்கிறோம். ஆனால் 'ஜலதோஷம்' மட்டும் 'நீர்தோஷம்' ஆவதில்லை. 'வீடு' என்கிறோம், புது வீடு புகுந்தால் 'கிருகப்பிரவேசம்'. இப்படி ஒரு பத்து இணைகளைக் காட்டிவிட்டால் மாணவரின் அச்சம் பாதி தீரும். எழுத்தின் வடிவத்தை மனப்பாடம் செய்யும் உழைப்புக்கு மட்டும் குறுக்கு வழி இல்லை.

எப்படிச் செய்யலாம்

முழுப் பாடநூலையே புதிதாக எழுதுவது பெரும் பொருட்செலவு. ஒலிப்பதிவு, படங்கள், ஆண்டுக்கணக்கான சோதனை எல்லாம் வேண்டும். ஜப்பான் அறக்கட்டளை 2010-இல் தர அளவை வகுத்து, 2013 முதல் 'மருகொதொ' வரிசையை வெளியிட்டது. 2020-இல் பணிக்குச் செல்வோருக்கான 'இரொதொரி' நூலை விலையின்றியே தந்தது. இத்தகைய நூல்களின் உரையாடல்களை நாம் மீண்டும் எழுதத் தேவையில்லை. இந்தியாவுக்குத் தேவை ஒரு துணைநூல்: பாட எண்ணை மட்டும் குறித்து, 'இங்கே உன் மொழி உதவும், இங்கே உன் மொழி ஏமாற்றும்' என்று சொல்லும் நூல். மூல நூலின் பகுதிகளை எடுத்து அச்சிடாமல், சொந்த விளக்கமும் சொந்த எடுத்துக்காட்டும் கொண்டிருந்தால் பதிப்புரிமைச் சிக்கலும் பெரிதாக எழாது.

அதற்கு மூலப்பொருள் மாணவரின் தவறுகள். விடைத்தாள்களைத் திருத்திக் கட்டிவைத்துப் பின் எடைக்குப் போடுகிறோமே, அவற்றில்தான் இருக்கிறது. தில்லி, சாந்திநிகேதன், புனே, ஐதராபாத் ஆகிய நான்கு இடங்களில் ஒரே கட்டுரைத் தலைப்பைக் கொடுத்து, மாணவரின் தாய்மொழியையும் குறித்துக்கொண்டு தொகுத்தால், எது தமிழர் தவறு, எது இந்தியர் அனைவரின் தவறு, எது உலகத்தாரின் தவறு என்பது பிரிந்து தெரியும். விளக்கத்தை இந்திய ஆசிரியர் எழுத, எடுத்துக்காட்டு ஒவ்வொன்றும் இயல்பான ஜப்பானியமா என்பதை ஜப்பானிய ஆசிரியர் பார்க்க வேண்டும். இடம் மாறினால் கெடும்: இந்தியர் எழுதிய உரையாடல் ஏட்டுச் சுரைக்காயாகும், ஜப்பானியர் எழுதிய விளக்கம் 'வழக்கம் அப்படி' என்று முடியும். 'வா', 'அங்கே' போன்ற ஜப்பானிய நுண்மைகளில் கருத்து மாறுபாடு வருவதும் நல்லதே. எழுவாய்க்கு வரும் 'வ', 'க' என்னும் இரு இடைச்சொற்களின் வேறுபாட்டுக்குத் தமிழில் நேர் இணை இல்லை. அங்கே இரு தரப்பும் உட்கார்ந்து வாதாடித்தான் ஒரு விளக்கத்துக்கு வர முடியும்.

இத்தகைய வேலைக்குப் பல்கலைக்கழகங்களில் பதவி உயர்வுப் புள்ளி கிடைப்பது அரிது. ஆய்வுக் கட்டுரைக்குக் கிடைக்கும் மதிப்பு பாடநூலுக்குக் கிடைப்பதில்லை. இளம் ஆசிரியர் ஒருவர் மூன்று ஆண்டுகளை இதில் செலவிட்டால் அவருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு விடை சொல்லாமல் எந்த உடன்பாடும் பலன் தராது. சீனாவில் 600 பேரும் பயிற்சியையே பணியாகக் கொண்டு அமர்ந்தனர் என்பதை நினைவிற்கொள்க.

அதுவரை, நம் வாசகர் வீடுகளில் ஜப்பானியம் பயிலும் பிள்ளைகள் ஒரு காரியம் செய்யலாம். தனியே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாடத்தின் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் ஆங்கிலத்தில் அன்றி, வீட்டில் பேசும் தமிழில், சொல் வரிசை மாறாமல் எழுதிப் பார்க்க வேண்டும். இயல்பாக வந்து விழும் வாக்கியங்களுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போதும். முரண்டு பிடிக்கும் வாக்கியங்களைச் சிவப்பு மையில் குறித்து, மறுநாள் ஆசிரியரிடம் கேட்க வேண்டும். ஓர் ஆண்டு முடிவில் அந்தச் சிவப்பு வரிகளை எங்கள் முகவரிக்கு அனுப்பினால், மேலே சொன்ன துணைநூலுக்கு அவற்றிலிருந்தே தொடங்கலாம்.